கெர்னல் ஓட்டைக்கு எந்த மருந்து? ரீபூட், லைவ் பேட்ச், பேக்போர்ட், தற்காலிக அடைப்பு, மைக்ரோகோட்: ஓர் ஒப்பீடு

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தால், சர்வரைக் கவனிப்பவர் கையில் ஐந்து வழிகள் உண்டு. டிஸ்ட்ரோ (லினக்ஸைத் தொகுத்து வெளியிடுவோர்) தரும் புதிய கெர்னலை நிறுவி ரீபூட் செய்வது ஒன்று. ஓடும் கெர்னலை நிறுத்தாமலே லைவ் பேட்ச் ஏற்றுவது இன்னொன்று. தேவையான திருத்தத்தை மட்டும் எடுத்து, தம் கெர்னல் மூலத்தில் பேக்போர்ட் செய்து (பழைய பதிப்புக்கு ஏற்பப் பொருத்தி), தாமே கம்பைல் செய்வது மூன்றாவது. ஓட்டை உள்ள பகுதியை ஓர் அமைப்பாலோ பூட் அளவுருவாலோ புழக்கத்திலிருந்து விலக்கிவைப்பது நான்காவது. கோளாறு சிபியுவுக்குள் இருந்தால், சிபியுவின் உள் நிரலான மைக்ரோகோட்டைப் புதுப்பிப்பது ஐந்தாவது.

இவற்றை ஒன்றுக்கொன்று மாற்று என்று எடுத்துக்கொள்வதுதான் பல தவறான முடிவுகளுக்குக் காரணம். முழுத் தீர்வு புதிய கெர்னலும் ரீபூட்டும்தான். லைவ் பேட்சும் தற்காலிக அடைப்பும் அந்த ரீபூட்டைத் தோதான நேரத்தில் செய்ய அவகாசம் தருகின்றன. பேக்போர்ட், டிஸ்ட்ரோவின் கை எட்டாத இடத்துக்கானது. மைக்ரோகோட் பெரும்பாலும் கெர்னலின் துணையோடுதான் வேலை செய்யும். ஆகவே ‘எது சிறந்தது’ என்பதைவிட, ‘இந்த ஓட்டைக்கு, இந்த இயந்திரத்தில், இன்று எது, அடுத்த வாரம் எது’ என்று கேட்பதே பயன்படும்.

முதலில் மூன்று கேள்விகள்

ஓட்டை உள்ள குறியீடு நம் கெர்னலில் இருக்கிறதா? யூநேம் கட்டளை காட்டும் பதிப்பு எண்ணை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ரெட் ஹாட் 8 வரிசையின் கெர்னல் கடைசி வரை 4.18 என்றே பெயர் காட்டும். 9 வரிசை 5.14 என்று காட்டும். உள்ளே பிற்காலத் திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் பின்கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருக்கும். எனவே பேக்கேஜின் மாற்றப் பதிவில், அந்த ஓட்டையின் பொது அடையாளமான சிவிஇ எண்ணைத் தேடுவதே சரியான வழி. கெர்னல் கட்டமைப்புக் கோப்பில் அந்த வசதி அணைக்கப்பட்டிருந்தால் கவலையே இல்லை. மாட்யூலாக (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் துண்டு) இருந்தால், இப்போது ஏற்றப்படவில்லை என்பதைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம்: சாதாரண பயனர் ஒரு சாக்கெட் திறந்தாலே பல நெட்வொர்க் புரோட்டோகால் மாட்யூல்கள் தாமாக ஏறிவிடும்.

அந்தக் குறியீட்டை யாரால் தொட முடியும்? வலையிலிருந்து வரும் பாக்கெட்டா, இயந்திரத்துக்குள் கணக்கு உள்ள பயனரா, யுஎஸ்பி சாதனத்தைச் செருகக்கூடியவரா? ஒரே நிரல் மட்டும் ஓடும் டேட்டாபேஸ் சர்வரில், உள்ளூர்ப் பயனர் ரூட் ஆகும் ஓட்டை சில நாள் பொறுக்கும். பலருடைய கன்டெய்னர்கள் ஓடும் இயந்திரத்தில் அதே ஓட்டை ஓர் இரவுகூடப் பொறுக்காது.

மூன்றாவது, கோளாறு எங்கே இருக்கிறது: கெர்னல் குறியீட்டிலா, சிபியுவிலா, வேறொரு சாதனத்திலா? பின்னால் வரும் எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

சிவிஇ எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரி முதல் கெர்னல் குழுவே தன் ஓட்டைகளுக்கு எண் வழங்குகிறது. பாதுகாப்பைப் பாதிக்க வாய்ப்புள்ள திருத்தம் என்றாலே எண் கிடைத்துவிடுவதால், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகின்றன. ஒவ்வொன்றையும் படித்து, ‘இது நமக்குத் தேவையா’ என்று முடிவெடுக்கும் முறை இனிக் கட்டுபடியாகாது. மாதம் ஒருமுறை எல்லாத் திருத்தமும் அடங்கிய கெர்னலுக்கு மாறுவதை வழக்கமாக்கிக்கொண்டு, பெரிய ஓட்டைகளுக்கு மட்டும் தனி முடிவு எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

டிஸ்ட்ரோ கெர்னலும் ரீபூட்டும்

இந்த வழியின் பலம், ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் ஓடிப் பார்த்த அதே பைனரி நமக்கும் கிடைப்பது. பலவீனம், சேவை நிற்பது. ஆனால் ரீபூட்டில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி கெர்னலுடையவை அல்ல; முன்னேற்பாடு இல்லாததால் வருபவை.

பூட் பகிர்வு (பார்ட்டிஷன்) நிரம்பியிருப்பது முதல் வகை. ஒரு கெர்னலும், பூட்டின் தொடக்கத்தில் அதற்கு ட்ரைவர்களைத் தரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் சேர்ந்து 100 எம்பியைத் தாண்டுவது இன்று சாதாரணம். 512 எம்பி பகிர்வில் பழைய கெர்னல்கள் நான்கைந்து தங்கிவிட்டால், புதியதன் இனிட்ராம்எஃப்எஸ் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடும். அடுத்த பூட்டில் ரூட் கோப்புமுறை கிடைக்காது. இரண்டாவது வகை, ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் தனியே கம்பைல் ஆகும் டிகேஎம்எஸ் மாட்யூல்கள். கெர்னல் மூலத்துக்கு வெளியே இருக்கும் இசட்எஃப்எஸ் கோப்புமுறையோ நெட்வொர்க் ட்ரைவரோ புதிய கெர்னலுக்குக் கம்பைல் ஆகாமல் போயிருக்கும்; பேக்கேஜ் நிறுவல் மட்டும் வெற்றி என்று முடிந்திருக்கும். ரீபூட்டுக்கு முன் டிகேஎம்எஸ் நிலையைப் பார்ப்பதும், புதிய இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் வட்டு ட்ரைவர் இருக்கிறதா என்று பட்டியலிட்டுப் பார்ப்பதும் இரண்டே நிமிட வேலை.

தொலைவில் இருக்கும் இயந்திரத்துக்கு இப்படிச் செய்யலாம். பூட் லோடரான க்ரப்பில் இயல்புத் தேர்வாகப் பழைய கெர்னலையே வைத்துக்கொண்டு, ‘அடுத்த ஒருமுறை மட்டும்’ புதியதில் பூட் ஆகும்படி அமைக்கவும். பேனிக் (கெர்னல் மீள முடியாமல் நின்றுபோவது) அளவுருவை 30 என்று கொடுக்கவும். புதிய கெர்னல் பேனிக் ஆனால் 30 வினாடியில் தானே ரீபூட் ஆகிப் பழையதற்குத் திரும்பும். பேனிக் இல்லாமல் உறைந்து நின்றால் மின்சாரத்தை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். புதியது ஒரு நாள் நன்றாக ஓடியபின் அதை இயல்பாக்கவும். இதில் ஒரு கண்ணி உண்டு: பூட் பகிர்வு எல்விஎம் மீதோ மென்பொருள் ரெய்டு மீதோ இருந்தால், ‘ஒருமுறை மட்டும்’ என்ற குறிப்பை க்ரப்பால் அழித்து எழுத முடியாது. அது மீண்டும் மீண்டும் புதிய கெர்னலையே எடுக்கும். அத்தகைய அமைப்பில் இந்த முறையை நம்பக் கூடாது.

பெரிய சர்வர்களில் நினைவகச் சோதனைக்கும் ரெய்டு கார்டு விழிப்பதற்குமே பல நிமிடங்கள் போகும். கேஎக்ஸெக் அந்தக் கட்டத்தைத் தாண்டி நேராகப் புதிய கெர்னலுக்குள் குதிக்கும். நிறுத்த நேரம் கணிசமாகக் குறையும். ஆனால் சாதனங்கள் முழுமையாக ரீசெட் ஆகாமல் புதிய கெர்னலின் கைக்கு வருவதால், சில கிராஃபிக்ஸ் கார்டுகளும் நெட்வொர்க் கார்டுகளும் குழம்பிப்போகும். எந்த வன்பொருளில் ஒத்துவருகிறது என்று முன்பே சோதித்து வைத்திருந்தால் மட்டும் இதை எடுக்கவும்.

லைவ் பேட்ச்: எதைச் செய்யும், எதைச் செய்யாது

இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். சற்று விரிவாகவே பார்ப்போம்.

2015இல் வந்த 4.0 பதிப்பில் லைவ் பேட்ச் வசதி மூலக் கெர்னலில் (மெயின்லைன்) சேர்ந்தது. ரெட் ஹாட்டின் கேபேட்ச், சூசேயின் கேகிராஃப்ட் இரண்டின் அடிப்படையில் உருவான பொதுத்தளம் அது. திருத்தப்பட்ட ஃபங்ஷன் ஒரு மாட்யூலாக ஏறும். பழைய ஃபங்ஷனின் தொடக்கத்தில், கெர்னலின் கண்காணிப்புக் கருவியான எஃப்ட்ரேஸ் வைத்திருக்கும் இடம், அழைப்பைப் புதியதற்குத் திருப்பிவிடும். பழைய குறியீடு நினைவகத்திலேயே இருக்கும். அதை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

எல்லாப் பிராசஸ்களும் ஒரே நொடியில் மாறுவதில்லை. 4.12இலிருந்து, ஒவ்வொரு டாஸ்க்கும் தன் ஸ்டாக்கில் (நடப்பு ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) பழைய ஃபங்ஷன் இல்லாத தருணம் பார்த்துத் தனித்தனியாக மாறும். கெர்னலின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தப் பேட்சின் ‘ட்ரான்ஸிஷன்’ கோப்பு 1 என்று காட்டினால் மாற்றம் இன்னும் முடியவில்லை. 0 ஆனால் முடிந்தது. செத்துப்போன என்எஃப்எஸ் (வலைவழிக் கோப்பு) சர்வருக்காகக் காத்திருந்து எழாத பிராசஸ் ஒன்று இருந்தால் போதும், மணிக்கணக்கில் 1 ஆகவே நிற்கும். கெர்னல் அவ்வப்போது போலி சிக்னல் அனுப்பி எழுப்பிப் பார்க்கும். அதற்கும் அசையாதது உண்டு. எது தடுக்கிறது என்பதை ஒவ்வொரு பிராசஸின் ‘பேட்ச் நிலை’ கோப்பும் சொல்லிவிடும். அந்தப் பிராசஸை முடித்துவைப்பதே சரி. ‘ஃபோர்ஸ்’ கோப்பில் 1 எழுதி வலுக்கட்டாயமாக முடிக்கவும் வழி இருக்கிறது. அதன்பின் அந்த மாட்யூலைக் கழற்ற முடியாது, பழைய ஃபங்ஷனுக்குள் தூங்கும் டாஸ்க் எழும்போது என்ன நடக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மாற்றம் முடியாமல் நிற்கும்வரை அடுத்த லைவ் பேட்சும் ஏறாது. ஏற்றியதாகச் சொல்லும் அறிக்கையை மட்டும் படித்துவிட்டு நகர்பவர்கள் இந்த நிலையைக் கவனிப்பதே இல்லை.

எந்தத் திருத்தம் இதற்குப் பொருந்தும் என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகள் தெளிவாக்கும். 2022இல் வந்த டர்ட்டி பைப், படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் சாதாரண பயனர் எழுதிவிட வழிசெய்தது. 5.8இல் நுழைந்து 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகளில் சரியானது. திருத்தம் என்னவென்றால், இரண்டு ஃபங்ஷன்களில் ஒரு கொடியைப் பூஜ்யமாக்கும் ஒவ்வொரு வரி. லைவ் பேட்சுக்கென்றே செய்ததுபோல இருக்கும். மாறாக, 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன் எனும் சிபியு ஓட்டைக்கான கேபிடிஐ, கெர்னலுக்கும் பயனருக்கும் தனித்தனிப் பக்க அட்டவணை ஏற்படுத்தியது. சிஸ்டம் கால் நுழைவாயிலின் அசெம்பிளியையே மாற்றியது. எஃப்ட்ரேஸ் அங்கே நுழைய முடியாது. அதற்குப் பெரும்பாலும் ரீபூட்தான் வழியாக இருந்தது.

இடைப்பட்ட திருத்தங்களும் உண்டு. ஒரு ஸ்ட்ரக்சரில் புதிய உறுப்பு சேர்க்க வேண்டியிருந்தால், ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு அது கிடையாது. நிழல் மாறிகள் என்ற உத்தியால் (புதிய உறுப்பை வேறிடத்தில் வைத்துப் பொருளோடு இணைப்பது) சமாளிக்கலாம். ஆனால் அதை எழுதுபவர் ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் விடுவிப்பையும் பின்தொடர்ந்தாக வேண்டும். லாக் எடுக்கும் வரிசையை மாற்றும் திருத்தம் இன்னும் ஆபத்து: மாறிய டாஸ்க்கும் மாறாத டாஸ்க்கும் ஒரே சமயம் ஓடினால் டெட்லாக் வரும். ஆகவே லைவ் பேட்ச் தருபவர்கள் தீவிரமானவற்றில் சிலவற்றை மட்டுமே தேர்ந்தெடுத்துத் தருகிறார்கள். ட்ரைவர் பிழைகளும் நிலைத்தன்மைத் திருத்தங்களும் இந்த வழியில் பொதுவாக வராது. ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் குறிப்பிட்ட மாதங்களே ஆதரவும் இருக்கும்; அதற்குள் ரீபூட் செய்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு சிக்கல் கணக்குக் காட்டுவதில். லைவ் பேட்ச் ஏறினாலும் யூநேம் பழைய பதிப்பையே காட்டும். பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் ‘ஓட்டை உள்ளது’ என்றே சொல்லும். தணிக்கை செய்பவருக்குச் சிஸ்எஃப்எஸ் பட்டியலையும், கெர்னலின் நிலையைக் குறிக்கும் டெயின்ட் மதிப்பில் 32768 என்ற பிட் இருப்பதையும் காட்ட வேண்டியிருக்கும்.

கேபேட்ச் கருவியால் தாமே லைவ் பேட்ச் உருவாக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஓடும் கெர்னலைக் கட்டிய அதே கம்பைலர் பதிப்பு, அதே கட்டமைப்பு, அதன் டீபக் தகவல் மூன்றும் வேண்டும். ஃபங்ஷன் இன்லைன் ஆகியிருந்தால் அதை உள்வாங்கிய எல்லா ஃபங்ஷன்களும் மாறும். கருவி அதைக் கண்டுபிடிக்கும், ஆனால் விளைவைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது. கெர்னல் மூலத்தை அன்றாடம் படிப்பவர் குழுவில் ஒருவராவது இல்லையென்றால் இதில் இறங்க வேண்டாம்.

தாமே பேக்போர்ட் செய்வது

தம் கெர்னலைத் தாமே வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பாதைகள் உண்டு. முழு ஸ்டேபிள் வரிசையையும் (வெளியான கெர்னலுக்குத் திருத்தங்கள் மட்டும் சேரும் கிளை) எடுத்துக்கொள்வது ஒன்று. தேவை என்று தோன்றும் கமிட்டுகளை (தனித்தனி மாற்றங்களை) மட்டும் பொறுக்குவது மற்றொன்று. எங்கள் பரிந்துரை எப்போதும் முதலாவதே. ஏன் என்பதற்கு, அனுபவசாலிகளுக்கே நேர்ந்த இரண்டு பிழைகள் போதும்.

ஸ்பெக்டர் எனும் சிபியு ஓட்டையின் முதல் வகைக்கான ஒரு திருத்தம், பிட்ரேஸில் (பிராசஸ்களை ஆராயும் வசதி) டீபக் ரெஜிஸ்டர் படிக்கும் ஃபங்ஷனில் ஒரு அட்டவணை எண்ணைப் பாதுகாப்பாக்கியது. பழைய வரிசைகளுக்குக் கொண்டுவந்தபோது இரண்டு வரிகள் இடம் மாறிவிட்டன. பேட்ச் சேர்ந்தது, கம்பைல் ஆனது, சோதனையும் தாண்டியது. ஆனால் அது அடைக்க வந்த ஓட்டை திறந்தே கிடந்தது. 4.4 முதல் 5.2 வரை ஐந்து வரிசைகளில் இது பரவி, சிவிஇ-2019-15902 என்று தனி எண் பெற்றது. இரண்டாவது, 2023 டிசம்பர்: எக்ஸ்ட்4 கோப்புமுறைக்கான ஒரு கமிட் 6.1.64இல் வந்தது. அது சார்ந்திருந்த ஐஓமேப் கமிட் கூட வரவில்லை. விளைவு, தரவுச் சிதைவு. 6.1.66இல் சரியானது, அதற்குள் டெபியன் தன் 12.3 வெளியீட்டை நிறுத்திவைத்து, 12.4ஆக வெளியிட்டது.

இரண்டிலும் காரணம் ஒன்றே: ஒரு திருத்தம் தன்னைச் சுற்றியுள்ள குறியீட்டை நம்பி எழுதப்படுகிறது, அந்தச் சூழல் பழைய வரிசையில் வேறு. இவ்வளவு பேர் பார்க்கும் ஸ்டேபிள் வரிசையிலேயே இது நடக்கிறது என்றால், தனியே பொறுக்குபவருக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.

பொறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை இது. மூல கமிட்டின் ‘ஃபிக்ஸஸ்’ வரியில் 12 எழுத்துக் குறியீடு இருக்கும். ஓட்டை நுழைந்த கமிட் அதுதான். அது நம் மூலத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்; இல்லையென்றால் வேலையே இல்லை. இருந்தால், நம்முடையதற்கு மிக நெருங்கிய ஸ்டேபிள் வரிசையில் ஏற்கெனவே செய்த பேக்போர்ட்டை எடுக்கவும், நேரடி மூலத்திலிருந்து எடுக்க வேண்டாம். செர்ரி பிக் செய்யும்போது மூலக் குறியீட்டைப் பதிந்துவைக்கும் தேர்வைப் பயன்படுத்தவும். முரண்பாடு வந்தால் அதைத் தீர்த்தபின், மூலப் பேட்சையும் நம் பேட்சையும் பக்கம் பக்கமாக வைத்து வரிவரியாக ஒப்பிடவும். பிறகு அந்த மூல கமிட்டைக் குறிப்பிடும் பிந்தைய ‘ஃபிக்ஸஸ்’ வரிகளைத் தேடவும்: திருத்தத்துக்கே திருத்தம் வந்திருப்பது அடிக்கடி நடப்பது. கடைசியாக, ஓட்டையைக் காட்டும் சோதனை நிரல் இருந்தால் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டவும். கம்பைல் ஆனது என்பது எதற்கும் சான்றல்ல.

எதை அடிப்படையாக எடுப்பது என்பதும் முக்கியம். நீண்டகால ஆதரவு வரிசைகள் ஒரு காலத்தில் 6 ஆண்டு வரை போயின. புதியவற்றுக்கு 2 ஆண்டே இயல்பு என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. 4.14 வரிசை 2024 ஜனவரியிலும் 4.19 அதே ஆண்டு டிசம்பரிலும் முடிந்துவிட்டன.

தற்காலிக அடைப்பு

ஓட்டை வெளியான முதல் மணி நேரத்துக்கு இதுவே சிறந்தது. 2024இல் வந்த சிவிஇ-2024-1086, கெர்னலின் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டரின் என்எஃப் டேபிள்ஸில் இருந்த ஓட்டை. சாதாரண பயனர் அதைத் தொட, பயனர் நேம்ஸ்பேஸ் (தனியே பிரித்த பயனர் சூழல்) உருவாக்கும் உரிமை வேண்டும். அதிகபட்ச பயனர் நேம்ஸ்பேஸ் எண்ணிக்கையை 0 ஆக்கினால் அந்தப் பாதை அந்த நொடியே மூடிவிடும், ரீபூட் வேண்டாம். விலையாக, ரூட் இல்லாமல் ஓடும் கன்டெய்னர்களும் பிரவுசர்களின் சாண்ட்பாக்ஸும் பாதிக்கப்படும். சர்வரில் பெரும்பாலும் பொறுக்கலாம். டெஸ்க்டாப்பில் ஒரு பாதுகாப்பைக் கழற்றி இன்னொன்றைப் போட்டதாகிவிடும்.

மாட்யூலைத் தடுக்கும்போது ‘பிளாக்லிஸ்ட்’ வரி மட்டும் எழுதி நிறுத்துவது பரவலான தவறு. அது மாற்றுப்பெயர் வழியாகத் தானாக ஏறுவதை மட்டுமே தடுக்கும். பெயர் சொல்லி ஏற்றினாலோ, இன்னொரு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தாலோ ஏறிவிடும். ‘இன்ஸ்டால்’ வரியில் அந்த மாட்யூலின் பெயருக்கு எதிரே எப்போதும் தோல்வி தரும் ஃபால்ஸ் கட்டளையைக் கொடுப்பதுதான் முழுத் தடை. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் அந்த மாட்யூல் இருந்தால் அதையும் மறுபடி உருவாக்க வேண்டும். கெர்னலுக்குள் சிறு நிரல் ஓட்டும் பிபிஎஃப்பைச் சாதாரண பயனருக்கு மறுக்கும் அமைப்பில் 1 என்று எழுதினால் ரீபூட் வரை மாற்ற முடியாது. 2 என்றால் நிர்வாகி பிறகு தளர்த்தலாம். சோதித்துப் பார்க்கும்போது 2 போடவும்.

இப்படிப் போட்ட ஒவ்வொரு அடைப்புக்கும், எந்த சிவிஇக்காக, எந்தக் கெர்னல் வந்ததும் எடுக்கலாம் என்று அந்த அமைப்புக் கோப்பிலேயே கருத்து எழுதிவைக்கவும். இல்லையென்றால் மூன்று ஆண்டு கழித்து ஒரு நிரல் ஏன் ஓடவில்லை என்று யாரோ ஒருவர் நாள் முழுவதும் தேட நேரும்.

கோளாறு சிபியுவில் இருந்தால்

சிஸ்எஃப்எஸ்ஸில் சிபியுவின் ‘வல்னரபிலிட்டீஸ்’ அடைவில் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கோப்பு இருக்கும். அதை முழுதாகப் படிப்பது முதல் வேலை. 2019இன் எம்டிஎஸ் கோளாறுக்கு அங்கே ‘பாதிப்புள்ளது, பஃபர்களைத் துடைக்க முயல்கிறேன், மைக்ரோகோட் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி வருவதுண்டு. கெர்னல் தன் பங்கைச் செய்துவிட்டது, சிபியு தயாராக இல்லை என்று அர்த்தம். கெர்னல், மைக்ரோகோட் இரண்டும் சேர்ந்தால்தான் இது போன்றவை அடைபடும்.

மைக்ரோகோட்டை பயாஸ் வழியாகவும் தரலாம், இனிட்ராம்எஃப்எஸ்ஸின் தொடக்கத்தில் வைத்து ஒவ்வொரு பூட்டிலும் ஏற்றலாம். இரண்டாவதே எளிது, தவறானால் அந்தக் கோப்பை நீக்கிப் பின்வாங்கலாம். பின்வாங்கும் வசதி ஏன் முக்கியம் என்பதை 2018 ஜனவரி காட்டியது: ஸ்பெக்டருக்காக வெளியான மைக்ரோகோட் பிராட்வெல், ஹாஸ்வெல் சிபியுக்களில் எதிர்பாராத ரீபூட்டுகளை உண்டாக்க, அதை நிறுவுவதை நிறுத்தும்படி அந்த மாதம் 22ஆம் தேதி இன்டெலே கேட்டுக்கொண்டது.

ஓடும் இயந்திரத்தில் மைக்ரோகோட் ஏற்றும் வழி இருந்தாலும் தவிர்க்கவும். புதிய மைக்ரோகோட் ஒரு கட்டளைத் தொகுதியையே நீக்கிவிட்டால், அது இருக்கிறது என்று நம்பித் தொடங்கிய நிரல்கள் அந்த நொடியே விழும். இன்டெலின் டிஎஸ்எக்ஸ் கட்டளைகள் நீக்கப்பட்டபோது இப்படித்தான் நடந்தது. இப்போது கெர்னலே, ஓடும்போது மைக்ரோகோட் ஏற்றும் வசதியை இயல்பாக அணைத்துவைத்திருக்கிறது.

2023 ஜூலையின் ஜென்பிளீட் இதில் சற்று வேறுபட்டது. ஏஎம்டி ஜென் 2 சிபியுக்களில் ஒரு பிராசஸின் வெக்டார் ரெஜிஸ்டர் மிச்சத்தை இன்னொன்று படிக்க முடிந்தது. மைக்ரோகோட் முதலில் சர்வர் வகைகளுக்கு வந்தது. டெஸ்க்டாப் வகைகளுக்கான பயாஸ் புதுப்பிப்புகள் மாதக்கணக்கில் தள்ளியே வந்தன. ஆனால் ஒரு எம்எஸ்ஆரின் (சிபியுவின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்) 9ஆவது பிட்டை இட்டால் கோளாறு நின்றுவிடும். புதிய கெர்னல்கள் மைக்ரோகோட் இல்லாதபோது இதைத் தாமே செய்கின்றன. பழைய கெர்னலில் எம்எஸ்ஆர் கருவியால் எல்லாக் கோர்களிலும் எழுதலாம்; ரீபூட்டில் போய்விடும் என்பதால் பூட் ஸ்கிரிப்டில் வைக்க வேண்டும். கொஞ்சம் வேகம் குறையும்.

விர்ச்சுவல் மெஷினுக்குள்ளிருந்து மைக்ரோகோட் ஏற்ற முடியாது. ஹோஸ்ட் ஏற்றி, புதிய சிபியு திறனை விருந்தினருக்கு (அந்த விர்ச்சுவல் மெஷினுக்கு) காட்ட வேண்டும். விருந்தினர் முழுதாக நின்று மறுபடி தொடங்கினால்தான் அது தெரியும். உள்ளிருந்து கொடுக்கும் ரீபூட் பல சமயம் போதாது.

வேகத்துக்காக எல்லா மிட்டிகேஷன்களையும் (சிபியு ஓட்டைகளுக்கான தடுப்புகளை) ஒரே அளவுருவால் அணைப்பதைப் பற்றி: வெளியார் குறியீடு எதுவும் ஓடாத கணிப்புக் கிளஸ்டரில் அதற்கு நியாயம் உண்டு. பிரவுசர் ஓடும் இயந்திரத்தில் இல்லை. கேபிடிஐயின் இழப்பு சிஸ்டம் கால்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பக்க அட்டவணை மாற்றத்தை மலிவாக்கும் பிசிஐடி வசதி உள்ள சிபியுவில் இன்னும் குறையும். நம் சொந்த வேலைச்சுமையில் அளந்து பார்க்காமல் அணைக்க வேண்டாம்.

கோளாறு சாதனத்திலா, ட்ரைவரிலா

வட்டு தொலைகிறது, யுஎஸ்பி அறுபடுகிறது, நெட்வொர்க் தொங்குகிறது என்றால் பேட்ச் தேடும் முன் வன்பொருளைச் சோதிக்கவும்: கேபிள், மின்வழங்கி, நினைவகச் சோதனை, பிசிஐ பிழைப் பதிவு. தீர்ப்பை அவசரமாகச் சொல்லவும் கூடாது. 2015இல் சாம்சங் எஸ்எஸ்டிகள் டிரிம் (பயன்படாத இடத்தை வட்டுக்குச் சொல்லும்) கட்டளையால் தரவை அழிப்பதாக எண்ணப்பட்ட ஒரு சிக்கல், ரெய்டில் டிரிம் கோரிக்கையைத் துண்டாக்கும் கெர்னல் குறியீட்டின் பிழை என்று பின்னர் தெரிந்தது. அதே நேரத்தில், அந்த நிறுவனத்தின் 850 வரிசையில் வரிசையிட்ட டிரிம் கோளாறு உண்மையாகவே இருந்தது. கெர்னலின் வட்டுப் பகுதியான லிபேட்டா அதைத் தன் பட்டியலில் சேர்த்து முடக்கியிருக்கிறது.

சாதனம் எப்போதுமே அப்படி நடந்துகொண்டால் குவிர்க் அளவுரு (சாதனத்தின் கோணலுக்கு ஏற்ற விலக்கு) போதும். யுஎஸ்பி வட்டுப் பெட்டி யுஏஎஸ் என்ற வேகமான பரிமாற்ற முறையில் அறுபட்டால், அதன் விற்பனையாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கொடுத்து யுஏஎஸ்ஸை மட்டும் அணைக்கலாம். வேகம் குறையும், அறுபடாது. என்விஎம்இ வட்டு சும்மா இருக்கும்போது காணாமல் போனால், அதன் மின்சேமிப்புத் தாமத வரம்பை 0 ஆக்கிப் பார்க்கவும். நின்றுவிட்டால் காரணம் கிடைத்தது.

முன்பு நன்றாக ஓடி, புதிய கெர்னலில் கெட்டுப்போனால், கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட்தான் வழி. ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 14,000 கமிட் என்றால் 14 முறை கம்பைல் செய்து சோதித்தால் குற்றவாளி கிடைக்கும். ஏற்றப்பட்ட மாட்யூல்களுக்கு மட்டும் கட்டமைப்பைச் சுருக்கினால் கம்பைல் நேரம் வெகுவாகக் குறையும். சுருக்கும் முன் எல்லாச் சாதனங்களையும் செருகிவைக்கவும், இல்லையென்றால் அவற்றின் ட்ரைவர் விடுபடும். விட்டுவிட்டு வரும் பிழையில் ஒரு கணக்கு முக்கியம். சராசரியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னிச்சையாக வருகிறது என்றால், 6 மணி நேரம் வராமல் இருக்க 5 சதவீத வாய்ப்பு உண்டு. ஏழு முறை ‘நல்லது’ என்று குறிக்க வேண்டிவந்தால், எங்கோ ஒன்றில் தவறிவிட 30 சதவீதம் வாய்ப்பு. 10 மணி நேரம் ஓடவிட்டால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஒரு தவறான ‘நல்லது’ மீதி உழைப்பு முழுவதையும் பாழாக்கும். பொறுமை இங்கே மிச்சமே தவிர விரயம் இல்லை.

எந்த இயந்திரத்துக்கு எது

பலர் கணக்கு வைத்திருக்கும் இயந்திரம், கன்டெய்னர் ஹோஸ்ட்: முதல் மணியில் தற்காலிக அடைப்பு, அன்றே லைவ் பேட்ச், ஒரு வாரத்துக்குள் ரீபூட். லைவ் பேட்ச் வசதி இல்லையென்றால் அன்றிரவே ரீபூட்.

மாற்று இயந்திரம் தயாராக உள்ள டேட்டாபேஸ் அல்லது வெப் சேவை: லைவ் பேட்சுக்குச் செலவழிக்க வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழற்றி ரீபூட் செய்யும் ஒழுங்கைத் தானியங்கி ஆக்குவதில் அந்தப் பணத்தைப் போடவும். முதலில் ஓர் இயந்திரம், ஒரு நாள் கழித்துப் பத்தில் ஒரு பங்கு, பிறகு மீதி. 6.1.64 போன்ற கெர்னல் வந்தால் இந்த இடைவெளிதான் தரவைக் காக்கும். தாக்குதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஓட்டைக்கு மட்டும் இடைவெளியைச் சில மணிகளாகச் சுருக்கவும்.

மாற்றே இல்லாத ஒற்றை இயந்திரம், நின்றால் வேலையே நிற்கும் என்ற நிலை: இங்கேதான் லைவ் பேட்ச் தன் விலைக்கு ஈடு தரும். அப்போதும் ஆதரவுக் காலம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு முன் நிறுத்த நேரத்தைக் கேட்டு வாங்கவும்.

சிப் தயாரிப்பாளரின் பழைய கெர்னலோடு வந்த சிறு போர்டுகள்: ஆதரவு முடிந்த வரிசையில் தனித்தனிப் பேட்சாகப் பொறுக்கிக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை. போர்டின் ட்ரைவர்கள் மூலக் கெர்னலில் சேர்ந்துவிட்டனவா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கவும். சேர்ந்திருந்தால் நடப்பு நீண்டகால வரிசைக்கு மாறவும். மாற முடியாத தொழிற்சாலைக் கருவிகளுக்கு, 4.19, 5.10, 6.1 போன்ற தேர்ந்த வரிசைகளைப் பத்தாண்டு அளவுக்குப் பராமரிக்கும் சிஐபி திட்டத்தின் கிளையை அடிப்படையாக்கலாம். அதுவும் ஒத்துவராத போர்டில், தேவையில்லாத கெர்னல் வசதிகளையெல்லாம் கட்டமைப்பிலேயே நீக்கி, எல்லா மாட்யூல்களும் ஏறியபின் மாட்யூல் ஏற்றுவதையே பூட்டும் அமைப்பை 1 ஆக்கி, அதை வெளிவலையிலிருந்து பிரித்து வைக்கவும்.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்தபின் பார்க்க வேண்டியவை இவை: யூநேம் காட்டும் பதிப்பு நிறுவியதுதானா, லைவ் பேட்சின் ட்ரான்ஸிஷன் 0 ஆயிற்றா, வல்னரபிலிட்டீஸ் அடைவில் ‘பாதிப்புள்ளது’ என்ற வரி மிச்சம் இருக்கிறதா, சிபியு தகவலில் மைக்ரோகோட் எண் மாறியதா, கெர்னல் பதிவில் புதிய எச்சரிக்கை வந்ததா. இந்த ஐந்தையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி எல்லா இயந்திரங்களிலும் தினமும் ஓட்டவும். நிறுவியும் ரீபூட் ஆகாமல் பழைய கெர்னலிலேயே ஓடும் இயந்திரங்கள் முதல் நாளே அதில் தெரிந்துவிடும்.